சத்தத்துக்கு எத்தனை புள்ளி?

மாப்ளே, பெத்தாங்க் ஆட்டத்துல நீ பெரிய அடிகாரன் ஆயிட்டியாமே! ஊரே பேசுது. எதிராளி குண்டு கிட்ட நின்னாலும் அடி, எட்ட நின்னாலும் அடி, பாவம் ஓரமா ஒதுங்கிக் கெடந்தாலும் விடறதில்லையாம். 'டங்'குனு இரும்பும் இரும்பும் மோதற சத்தம் பீச் ரோடு வரைக்கும் கேக்குதாம். போன ஞாயித்துக்கெழமை அப்படி எட்டு குண்டைச் செதறடிச்சியாம். ஆட்டத்தை மட்டும் 13க்கு 4ன்னு தோத்துட்டு வந்தியாம். உங்கம்மாதான் சொன்னா. எட்டை அவளாச் சொன்னா. நாலை நான்தான் கேட்டு வாங்கினேன்.

உனக்குக் காது குத்தினப்போ என் மடியிலதான் உக்காந்து அழுதே. அந்தத் தாய்மாமன் உரிமையில நாலு வார்த்தை சொல்றேன். இதுவும் காதுகுத்துதான்னு நெனைச்சுடாதே.

நான் பாகூர்ப் பக்கம் நெல்லு போட்டவன். எனக்கு பிரெஞ்சும் வராது, பிரெஞ்சு பென்ஷனும் வராது. இந்த ஆட்டத்தைக் கத்துக்கிட்டது நம்ம சொல்தாங்ககிட்ட. இந்தோசீனா, அல்ஜீரியான்னு பட்டாளத்துல போய்ட்டுத் திரும்பி வந்தவங்க, சாயங்காலமானா மண் தரையில வட்டம் கிழிச்சு நின்னுக்கிடுவாங்க. நான் டவுனுக்கு உரம் வாங்க வந்தா, மூட்டையைக் கடையிலயே வச்சுட்டு வேடிக்கை பாக்க நின்னுடுவேன். அவங்களைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்ட மொதல் விஷயம் இதுதான்: சத்தமா அடிச்சவன் கைதட்டு வாங்கினான், சத்தமில்லாம வச்சவன் ஆட்டத்தை வாங்கினான்.

ஆட்டத்தை உனக்கு நான் சொல்லித்தரணுமா? சொல்லித்தரணும் போலத்தான் இருக்கு. 6 மீட்டர்லேருந்து 10 மீட்டருக்குள்ள கொஷொனேங்கற சின்ன மரக்குட்டியை எறியறோம். அதுக்குக் கிட்டக்கப் போய் நிக்கணும் நம்ம குண்டு. சுத்து முடிஞ்சதும் எதிராளியோட நல்ல குண்டைவிட நம்ம குண்டு எத்தனை கிட்ட இருக்கோ, அத்தனை புள்ளி. 13 வந்தா ஆட்டம் முடிஞ்சுது. இதுல அடிச்சதுக்குன்னு எங்கயாவது புள்ளி எழுதியிருக்கா? தேடிப் பாரு. குண்டு பறந்த தூரத்துக்கு ஒரு புள்ளியும் கெடையாது. சத்தத்துக்கு அரைப் புள்ளியும் கெடையாது. எல்லாம் முடிஞ்சப்புறம் மண்ணுல என்ன மிச்சம் இருக்கோ அதுக்குத்தான் கணக்கு.

உடனே நீ வாயைத் தொறப்பே: "மாமா, உலகப் போட்டியில அடிக்கறதுக்குன்னே தனிப் பந்தயம் இருக்கு, அதுல அடிக்குத்தான் புள்ளி." இருக்கு மாப்ளே, இல்லைன்னு சொல்லலை. ஒரு மீட்டர் வட்டத்துக்குள்ள குறிக்குண்டை வைப்பான். அஞ்சு விதமா வச்சு, ஒவ்வொண்ணையும் 6, 7, 8, 9 மீட்டர்லேருந்து அடிக்கச் சொல்லுவான். ஆக 20 அடி. குண்டு மேல பட்டுது, ஆனா அது வட்டத்தைவிட்டுப் போவலைன்னா 1 புள்ளி. வட்டத்துக்கு வெளிய தள்ளினா 3. அதை வெளிய தள்ளிட்டு, அடிச்ச குண்டு உள்ளயே தங்கிட்டா 5. இருபதையும் அப்படி அடிச்சவனுக்கு 100.

இப்போ அந்த 3ஐயும் 5ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. ரெண்டுலயும் எதிரி குண்டு போய்த் தொலைஞ்சுது. ரெண்டுலயும் சத்தம் ஒண்ணுதான். அப்புறம் எதுக்கு ரெண்டு புள்ளி கூட? தங்கினதுக்கு! அடிக்குன்னே நடத்தற பந்தயத்துலகூட, அடிச்சுட்டு ஓடிப்போறவனைவிட அடிச்சுட்டு அங்கயே உக்காந்துக்கறவனுக்குத்தான் மரியாதை. அதுக்குப் பேரு கார்ரோ.

ஆட்டத்துல இந்த வித்தியாசம் இன்னும் பெருசு. சாதா அடியில எதிரி குண்டும் போவுது, உன் குண்டும் கூடவே போவுது. ஒண்ணுக்கு ஒண்ணு. வித்தவனுக்கும் நட்டமில்லை, வாங்கினவனுக்கும் லாபமில்லை. கார்ரோவுல அவன் குண்டு போவுது, அவன் எடத்துல உன் குண்டு நிக்குது. இப்போ எறிய வேண்டியது அவன். அவன் கையில இருக்கற குண்டுதான் இனிமே கரையும். அதுக்குத்தான் அடிகாரங்க மெத்துன்னு இருக்கற இரும்புல, கொஞ்சம் பெரிய குண்டா வாங்கறாங்க. எடை ஒத்த குண்டு நடு நெத்தியில மோதினா, வந்தது நிக்கும், நின்னது ஓடும். மெத்து இரும்பு துள்ளாது. நீயும் அப்படி ஒரு செட்டு பிரான்சுலேருந்து வரவழைச்சிருக்கியாம். ஆனா அந்த எட்டு அடியில உன் குண்டு எத்தனை தடவை தங்குச்சுன்னு கேட்டேன். உங்கம்மா பேச்சை மாத்தி, காப்பி குடிக்கறியா அண்ணான்னு கேட்டா.

இந்த மாதிரி அடிக்கெல்லாம் வெலை போடறதுல நம்மளைவிடப் பெரிய கஞ்சன் ஒருத்தன் இருக்கான்: அமெரிக்காக்காரன். அவன் ஆடற பேஸ்பால்ல நாலு மூலை. ஒரு மூலை ஓடற அளவுக்கு அடிச்சா சிங்கிள், ரெண்டு மூலைக்கு டபுள், மூணுக்கு ட்ரிபிள், பந்து வேலியைத் தாண்டி நாலு மூலையும் சுத்தி வந்தா ஹோம் ரன். ரொம்ப நாளா அவனும் உன்னை மாதிரித்தான் கணக்குப் போட்டான். 1, 2, 3, 4. ஹோம் ரன்னு சிங்கிளைவிட நாலு மடங்குன்னு வச்சுக்கிட்டான். கனடாவுல ராணுவத்துக்குக் கணக்குப் பாக்கற வேலையில இருந்த ஜார்ஜ் லிண்ட்சேன்னு ஒருத்தர் வந்தாரு. அவரும் அவரு அப்பாவும் ஆட்டம் ஆட்டமா குறிச்சு வச்சாங்க. எந்த மூலையில ஆள் நிக்கறான், எத்தனை பேரு அவுட்டு, அந்த நெலமையிலேருந்து சராசரியா எத்தனை ரன்னு வருது. மொத்தம் 24 நெலமை. ஒரு அடிக்கு முன்னால என்ன எதிர்பாத்தோம், பின்னால என்ன எதிர்பாக்கறோம், நடுவுல வந்தது எவ்வளவு. அதுதான் அந்த அடியோட வெலை.

1963ல கணக்கை வெளிய விட்டாரு. சிங்கிள் 0.41 ரன்னு. டபுள் 0.82. ட்ரிபிள் 1.06. ஹோம் ரன்னு 1.42. பாத்தியா, நாலு மடங்குன்னு நெனைச்சது மூணரை மடங்குகூட வரலை. ஏன்னா மூலையில யாரும் நிக்காதப்போ அடிச்ச ஹோம் ரன்னுக்கு ஒரே ஒரு ரன்னுதான். பந்து பக்கத்து ஊருல போய் விழுந்தாலும் அதேதான். மூணு மூலையிலயும் ஆள் நிக்கறப்போ அடிச்சா நாலு. யார் யாரெல்லாம் சத்தமில்லாம சிங்கிள் அடிச்சு மூலையில போய் நின்னானோ, அவன்தான் இந்த ஹோம் ரன்னுக்கு வெலையை ஏத்திவிட்டவன். ஆனா பேப்பர்ல போட்டோ ஹோம் ரன்காரனுக்கு. நம்ம ஊரு மட்டுமில்லை மாப்ளே, எல்லா ஊருலயும் இதே கதைதான்.

கல்யாணத்துல மொய் எழுதறோமே, அதை எடுத்துக்க. முந்தின நாள் ராத்திரி சமையக்காரன் அட்வான்ஸுக்கு நின்னுக்கிட்டு இருக்கறப்போ பொண்ணோட அப்பன் கையில யாருக்கும் தெரியாம வச்ச ஐநூறும், மறுநாள் மேடையில வீடியோக்காரனைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே கவருல குடுத்த ஐநூறும் நோட்டுப்புத்தகத்துல ஒண்ணுதான். மொதல் ஐநூறை அந்த அப்பன் சாவற வரைக்கும் மறக்க மாட்டான். ரெண்டாவது ஐநூறை வீடியோக்காரன்தான் ஞாபகம் வச்சிருப்பான்.

நீ துத்திப்பட்டு கிரவுண்டுக்கு கிரிக்கெட் பாக்கப் போறவன்தானே, கிரிக்கெட்டுலயே சொல்றேன். 2011 ஏப்ரல் 2, வான்கடே, உலகக் கோப்பை ஃபைனல். தோனி அடிச்ச கடைசி சிக்ஸு. அந்த வீடியோவைப் பாக்காத கண்ணு நம்ம நாட்டுல இருக்கா? அந்தப் பந்துக்கு முன்னால எத்தனை வேணும்? 11 பந்துல 4 ரன்னு. கையில ஆறு விக்கெட்டு. அங்க ரெண்டு டபுள் ஓடியிருந்தாலும் கோப்பை நமக்குத்தான் வந்திருக்கும். இப்போ 2018 மார்ச் 18, கொழும்பு. பங்களாதேஷோட ஃபைனல். நம்ம தினேஷ் கார்த்திக். கடைசிப் பந்து, 5 ரன்னு வேணும். நாலு அடிச்சாக்கூட ஜெயிக்க முடியாது. அடிச்சான் சிக்ஸு. 8 பந்துல 29. ஸ்கோர் புத்தகத்துல ரெண்டு சிக்ஸுக்கும் ஒரே ஆறுதான். முன்னது பந்தியில கடைசியா வந்த பாயசம். பின்னது சோறே அதுதான்.

முறைக்காதே. உன் பைக்குல மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கறது எனக்குத் தெரியும். தோனி ஆட்டத்தை நான் கொறை சொல்லலை. அன்னிக்கு அந்த மனுசன் அடிச்ச 91ல வெலை உள்ள ரன்னெல்லாம் அந்த சிக்ஸுக்கு முன்னாடியே வந்துடுச்சுன்னு சொல்றேன். 31க்கு ரெண்டு விக்கெட்டு போயி, சேவாக்கும் சச்சினும் உள்ள போய் உக்காந்தப்புறம், ஒத்தை ஒத்தையா ஓடி 97 சேத்த கம்பீரை எத்தனை பேரு டீ சர்ட்டுல போட்டுக்கிட்டுத் திரியறான்? அவருக்கே அதுல கொஞ்சம் வருத்தம் உண்டு, வெளிப்படையாவே சொல்லியிருக்காரு.

இன்னும் கொஞ்சம் மேல போவோம். அடிக்காம விட்டதுக்கும் வெலை இருக்கு. 2022 அக்டோபர் 23, மெல்போர்ன், பாகிஸ்தான் ஆட்டம். கடைசிப் பந்துக்கு 2 ரன்னு வேணும்னு இருக்கு. அப்பத்தான் அஸ்வின் உள்ள வர்றான். 90,000 பேரு கத்தறான். பந்து காலுக்கு வெளிய போவுது. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே? மட்டையைச் சுத்தி, பந்து படாம, நீயும் சுத்தி விழுந்திருப்பே. அவன் நகந்து நின்னு விட்டுட்டான். வைடு. ஸ்கோரு சமம். அடுத்த பந்தை மிட் ஆஃபுக்கு மேல மெல்லத் தூக்கிவிட்டு ஒண்ணு ஓடினான். அந்த ராத்திரி ரொம்ப வெலை உயர்ந்த அடிகள்ல ஒண்ணு, அவன் அடிக்காத அடி. மாம்பலத்துப் புள்ள, கணக்கு தெரிஞ்சவன்.

சரி, நம்ம மண்ணுக்கு வா. ஒரு கணக்கு போடறேன், பதில் சொல்லு. எதிராளியோட மூணு குண்டு குட்டியைச் சுத்தி நிக்குது. அவன் கையில குண்டு இல்லை. உன் கையில கடைசியா ஒண்ணு. விட்டா அவனுக்கு 3 புள்ளி. உனக்கு மூணு வழி. ஒண்ணு, அவன் குண்டுல ஒண்ணை அடிச்சுத் தூக்கறது. மீதி ரெண்டு நிக்குது, அவனுக்கு 2. உன் அடியோட வெலை 1. ரெண்டு, அந்த மூணையும்விடக் கிட்டக்கக் குண்டைக் கொண்டுபோய் வைக்கறது. அவனுக்கு ஒண்ணும் இல்லை, உனக்கு 1. அவன் 3 போயி, உன் 1 வந்து, வெலை 4. மூணு, மரக்குட்டியையே அடிச்சு எல்லைக் கயித்துக்கு வெளிய தள்ளறது. ரெண்டு பேரு கையிலயும் குண்டு இல்லாததால அந்தச் சுத்தே செத்துப்போச்சு, யாருக்கும் புள்ளி கெடையாது. வெலை 3.

இப்போ உன் கைத்தெறமையைப் பெருக்கு. பேச்சுக்கு வச்சுக்குவோம். குண்டை அடிக்கறதுல பத்துக்கு எட்டு தடவை உனக்கு வாய்க்குது. சரிதானே, எட்டுதான் உனக்கு ராசி! பக்கத்துல வைக்கறது பத்துக்கு மூணு. குட்டியைத் தள்ளறது பத்துக்கு ரெண்டு. எட்டு ஒண்ணு எட்டு. மூணு நாலு பன்னெண்டு. ரெண்டு மூணு ஆறு. பத்து தடவையில எட்டு தடவை கைதட்டு வாங்கறதைவிட, ஏழு தடவை அசிங்கப்பட்டு மூணு தடவை வைக்கறது லாபம். நீ ஏன் அதைச் செய்ய மாட்டேங்கறேன்னு எனக்குத் தெரியும். அந்த ஏழு தடவையும் பக்கத்துல நிக்கற பசங்க சிரிப்பாங்க. 13க்கு 4ன்னு தோக்கறப்போ யாரும் சிரிக்கறதில்லை; வீட்டுக்குப் போனப்புறம்தான் சிரிக்கறாங்க.

அதே எடத்துல அவன் குண்டு ஒண்ணுதான் கிட்ட நிக்குது, அதுக்கு அடுத்தாப்புல ரெண்டும் உன் குண்டு, கடைசிக் குண்டும் உன் கையிலன்னா? அப்போ அடி! யோசிக்காதே. அவன் குண்டு ஒழிஞ்சா அவனுக்கு 1 போவுது, உனக்கு 2 வருது. சாதா அடியே 3 புள்ளிக்குப் போவும். கார்ரோவா தங்குச்சுன்னா 4. முன்னால ஒரு புள்ளிக்கு வித்த அதே அடிதான், அதே சத்தம்தான். ஆக, அடிக்கு நிரந்தரமா ஒரு வெலை கெடையாது மாப்ளே. மண்ணைப் பாத்துத்தான் வெலை. நீ கையைப் பாத்து வெலை போடறே, அதுதான் கோளாறு.

தப்பின அடிக்கும் பில்லு வரும், அதையும் சொல்லிடறேன். பேஸ்பால்காரன் பின்னால வந்த கணக்குல, அவுட்டானா ஏறக்குறைய கால் ரன்னு கழிச்சுக்கிட்டான். நம்ம சேப்பாக்கத்துல 1999 ஜனவரி கடைசி நாளு, பாகிஸ்தானோட டெஸ்டு. 271 வேணும். முதுகு வலியோட நின்னு சச்சின் 136. இன்னும் 17 ரன்னுதான், நாலு விக்கெட்டு வேற கையில. சக்லைன் பந்தைத் தூக்கி அடிச்சாரு, வாசிம் அக்ரம் பிடிச்சாரு. 254லேருந்து 258க்குள்ள கதை முடிஞ்சுது. 12 ரன்னுல தோல்வி. அந்த மகாராசனுக்கே அந்த ஒரு அடிக்கு அந்த வெலைன்னா, உனக்கும் எனக்கும் தள்ளுபடியா குடுப்பான்?

ஆகக்கூடி, எறியறதுக்கு முன்னால மூணு கேள்வி கேளு. இப்போ மண்ணுல யாருக்கு எத்தனை? என் குண்டு போனப்புறம் எத்தனை ஆவும்? தப்பினா எத்தனை ஆவும்? நாலாவதா ஒரு கேள்வி உன் மனசுல தானா வரும்: யார் யார் பாக்கறாங்க? அதுக்குப் பதில் தேடாதே. மடகாஸ்கர்க்காரன் நம்மளை மாதிரிதான், பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரு. அவன் 1999லயும் 2016லயும் உலகக் கோப்பையையே எடுத்துக்கிட்டான். நாலாவது கேள்வியைக் கேட்டுக்கிட்டா எடுத்திருப்பான்?

வர்ற ஞாயித்துக்கெழமை மூணு பேர் ஆட்டம். ஆளுக்கு ரெண்டு குண்டு. மொதல் ஆளா நீ குந்திக்கிட்டு, மூச்சுவிடாம, குட்டிக்குப் பக்கத்துல குண்டை வைக்கணும். அதுதான் வெலை உள்ள வேலைன்னு இவ்வளவு நேரம் சொன்னேன், புரிஞ்சுதில்லே? அடிக்கறதுக்கு யாருன்னு கேக்கறியா? பிரான்சுல லா சியோத்தாங்கற ஊருல, மூட்டு வலியால ஓடி வந்து எறிய முடியாத ழூல் லெனுவார்னு ஒருத்தருக்காக உண்டான ஆட்டம் இது. எனக்கும் அவரு சாதிதான், முட்டி மடங்காது. குந்தி வைக்கற வேலை ஆவாது. நின்ன எடத்துலேருந்து செய்யறதுக்கு அடிக்கற வேலை ஒண்ணுதான் மிச்சம். வேற வழி இல்லாம அதை நான் ஏத்துக்கறேன். உன்னோட அந்த மெத்து இரும்புக் குண்டையும் மறக்காம எடுத்துக்கிட்டு வா. அது அடிக்கறதுக்குன்னே செஞ்சதாம். இனிமே உனக்கு எதுக்கு?